நாலு பக்கக் கடிதத்தில் இரண்டு வரி

கேள்வி:

நான் மதுரையில் பள்ளி ஆசிரியை. வயது 41. கணவருக்குச் சென்னையில் வேலை. 2020 மார்ச் 22 மக்கள் ஊரடங்குக்கு முந்தின வாரம் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே நான், அப்பா (71), அம்மா (66), பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் காத்திருக்கும் மகன், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள். அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். 18 வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கின்றன. வயதானவர்களுக்குக் கொரோனா வந்தால் ஆபத்து என்று கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

காய்கறியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். கீரை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பால் பாக்கெட்டையும் சோப்பு போட்டே கழுவுகிறேன். ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டதில் ஒரு 200 ரூபாய் நோட்டு சுருங்கிவிட்டது. பேப்பர் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தரையை இரண்டு வேளையும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கிறேன். செருப்பில் கிருமி வரும் என்று படித்ததால் எல்லோர் செருப்பும் கேட்டுக்கு வெளியே கிடக்கிறது. வீட்டில் யாரும் செருப்பு போடுவதில்லை.

அப்பாதான் கட்டுப்பட மறுக்கிறார். டீக்கடை மூடியிருக்கிறது என்று தெரிந்தும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். நடக்க வேண்டுமானால் மொட்டை மாடியில் நடங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வெறுங்காலோடு நடந்ததில் உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்திருக்கிறது, வலிக்கவில்லை என்கிறார். மாத்திரை தீரப்போகிறது என்று ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார், பி.பி. மாத்திரையை வாட்ஸ்அப்பில் ஏதோ வந்ததென்று நிறுத்தியேவிட்டார்.

என் கேள்விகள்: காய்கறியை எதில் கழுவினால் கிருமி சாகும்? மஞ்சள் தூளா, உப்பா, வினிகரா, சோப்பா? அப்பாவை வெளியே போகாமல் தடுப்பது எப்படி? கபசுரக் குடிநீரும் ஆவி பிடிப்பதும் எல்லோருக்கும் நல்லதா?

(நீண்ட கடிதத்தின் சுருக்கம்)

டாக்டரின் பதில் (ஏப்ரல் 2020):

அன்புள்ள சகோதரி,

இந்தப் பதில் வெளிவருவதற்கு முன்பே உங்களோடு பேசிவிட்டேன். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. கொப்புளம் பற்றி ஒன்று, மாத்திரை பற்றி ஒன்று. அந்த இரண்டையும் படித்தபின் அடுத்த வாரம்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே உங்கள் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்தவுடன், "மேடம், சோப்புத் தண்ணி சரிதானே?" என்று கேட்டீர்கள். சோப்பு இருக்கட்டும், முதலில் அப்பாவின் கால் என்றேன். நாம் பேசியதில் பாதி இன்னும் பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வலது உள்ளங்கால், பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் இடம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மேல்தோல் வெளுத்து ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. உள்ளே சிவப்பு. அதன்மேல் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவி, அதில் மாடித் தூசி ஒட்டி, ஓரமெல்லாம் கறுப்பாகியிருந்தது. படத்தின் மூலையில் காலைப் பிடித்திருந்த உங்கள் அம்மாவின் விரல்கள். இப்படி ஒரு புண்ணோடு நீங்களோ நானோ இரண்டடி வைத்தால் நொண்டுவோம். உங்கள் அப்பா மூன்று நாளாக அதன்மேல் காலை ஊன்றி நடந்திருக்கிறார்.

அவரே போனை வாங்கிப் பேசினார். "33 வருஷம் ஓடுற பஸ்ல நின்ன காலு டாக்டரம்மா. இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. வலிக்கவே இல்ல."

உங்கள் கடிதம் முழுவதிலும் என்னைப் பயமுறுத்திய ஒரே வார்த்தை அந்த 'வலிக்கவில்லை'தான். சர்க்கரை நீண்ட காலம் இருந்தால் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்விழக்கும். நீளமான நரம்பு முதலில் கெடும் என்பதால் கால்விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். சூடு தெரியாது, முள் தெரியாது, செருப்பு கடிப்பது தெரியாது. சித்திரை வெயில் குடித்த தட்டோடு சாயங்காலம் ஐந்து மணிக்கும் எப்படிக் கொதிக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேரன் அந்த நேரத்தில் மாடிக்குப் போனால் குதித்துக் குதித்து ஓடி வருவான். தாத்தா நிதானமாக நாற்பது சுற்று நடந்துவிட்டு, கால் வெந்தது தெரியாமல் இறங்கி வந்திருக்கிறார்.

அன்று போனில் உங்கள் மகளை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தோமே, அதை எல்லோரும் வீட்டில் செய்யலாம். இப்ஸ்விச் சோதனை என்று பெயர். கருவி எதுவும் தேவையில்லை. பெரியவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று ஒரு காலில் மூன்று, இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். உங்கள் ஆள்காட்டி விரலால் அந்த விரல் நுனியை ஒன்றிரண்டு வினாடி இலேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவிக் கூச்சம் காட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் காலில் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். உங்கள் மகள் ஸ்பீக்கரில் எண்ணிக்கொண்டே வந்தாள். தாத்தா இரண்டு முறைதான் "ம்" என்றார். மூன்றாவது முறை அவள் தொடாமலே சும்மா இருந்தபோதும் ஒரு "ம்" வந்தது. "தாத்தா, நான் தொடவே இல்ல" என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து, பழைய மருந்துச் சீட்டை முன்பக்கம் வைத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது, சீட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டது. செத்த தோலை வெட்டி எடுத்து, கழுவி, கட்டுப் போட்டு, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பி நீங்கள் அனுப்பிய செய்தி: "மேடம், ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. நாங்கள் மட்டும்தான்." அந்தக் கூட்டமில்லாமைதான் இப்போது என் கவலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்தக் காலை எப்படிப் பார்த்துக்கொள்வது. கட்டைத் தினமும் மாற்றுங்கள். மாற்றும்போது சாதாரணத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. மஞ்சள், காபித்தூள், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. உணர்வில்லாத காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது, இன்னொரு கொப்புளம்தான் வரும். புண் ஆறும்வரை மாடி நடை கிடையாது. இது அவருக்குக் கசக்கும். ஆனால் மருந்தைவிட முக்கியம் அந்த இடத்தில் உடம்புக் கனம் விழாமல் இருப்பதுதான். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டலாம், முழங்காலை நீட்டி மடக்கலாம். சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் அல்லது நாற்றம் வந்தாலோ, பாதம் வீங்கினாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே போக வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

செருப்பு விஷயத்துக்கு வருவோம். நீங்கள் படித்தது பொய்யில்லை. வூகானில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களின் காலணி அடியில் கிருமியின் தடயம் இருந்தது உண்மை. ஆனால் அது கொரோனா நோயாளிகள் வரிசையாகப் படுத்திருந்த அறை. நீங்கள் போனது தெருமுனை மளிகைக் கடைக்கு. வெளிச் செருப்பு வெளியே கிடக்கட்டும், தப்பில்லை. அப்பாவுக்கு வீட்டுக்குள் போட ஒரு ஜோடி தனியாக வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்பு கிடைக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும், பின்பக்கம் வார் இருக்கும். இப்போது செருப்புக் கடை எதுவும் திறந்திருக்காது. அதுவரைக்கும் பழைய கேன்வாஸ் ஷூ இருந்தால், கட்டு நெருங்காத அளவுக்குத் தளர்வாக இருந்தால், உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இல்லை என்று பார்த்துவிட்டு, பருத்திச் சாக்ஸோடு போடச் சொல்லுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வார் வரும் ரப்பர் செருப்பு வேண்டாம், அது விரலிடுக்கைத் தேய்க்கும்.

ஒன்று சொன்னால் வருத்தப்பட மாட்டீர்களே? பிளீச்சிங் பவுடர் தண்ணீர் இன்னும் காயாத தரையில்தான் அவர் உடைந்த கொப்புளத்தோடு நடந்திருக்கிறார். தரைக்குச் சோப்புத் தண்ணீரோ நீங்கள் எப்போதும் ஊற்றும் பினாயிலோ போதும், ஒரு வேளை போதும். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் மட்டும் ஒருநாளும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும்.

அடுத்தது மாத்திரை.

ராத்திரி நாலைந்து முறை எழுந்து போகிறார் என்று போனில்தான் சொன்னீர்கள், வயசாகிவிட்டது என்று நினைத்தீர்களாம். ரத்தத்தில் சர்க்கரை சுமாராக 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளத் தொடங்கும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி போவதும், தாகமும், நாக்கு ஒட்டுவதும். மருந்துக்கடையில் சர்க்கரை பார்க்கும் கருவிக்கான ஸ்ட்ரிப் வாங்கி வந்து பார்த்தபோது வெறும் வயிற்றில் 236, சாப்பிட்ட பின் 342. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை, மத்தியானத் தூக்கம், பொழுது போகாமல் மிக்சர். போதாததற்குப் பேத்தி யூடியூபைப் பார்த்து டால்கோனா காபி அடித்துத் தாத்தாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறாள். அதில் காபித்தூள் எத்தனை ஸ்பூனோ அத்தனை ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை இவ்வளவு ஏறிக் கிடக்கும்போது புண்ணும் ஆறாது, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சரியாக வேலை செய்யாது. கொரோனா வந்தால் சர்க்கரைக்காரர்களுக்குக் கஷ்டம் என்று டிவியில் சொல்கிறார்களே, கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை அந்தக் கஷ்டத்தை இன்னும் கூட்டும்.

அவர் ஏன் மாத்திரையை மிச்சப்படுத்தினார் என்று நான் கேட்டேன். உங்களிடம் சொல்லாத காரணத்தை என்னிடம் சொன்னார். "மாத்திரை வாங்க அவதான் போகணும். புள்ளைங்க ரெண்டு பேரு இருக்காங்க. அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" நீங்கள் அவருக்காகப் பயந்து கீரையை நிறுத்தினீர்கள். அவர் உங்களுக்காகப் பயந்து மாத்திரையைப் பாதியாக்கினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பி.பி. மாத்திரைக் கதை வேறு. அவர் போடுவது டெல்மிசார்டன். கொரோனாக் கிருமி நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதத்தை இந்த வகை மாத்திரைகள் கூட்டக்கூடும் என்று சிலர் சந்தேகம் எழுப்பினார்கள். சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. அது வாட்ஸ்அப்பில் ஏறி ஊர் சுற்றியதும் 'பி.பி. மாத்திரை போட்டால் கொரோனா வரும்' என்றாகிவிட்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் மார்ச் 13-ம் தேதியே, நிறுத்தாதீர்கள் என்று அறிக்கை விட்டது. நாலு நாளில் அமெரிக்க இதயவியல் சங்கங்களும் அதையே சொல்லிவிட்டன. இந்த அறிக்கைகளை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை போலிருக்கிறது. அப்பாவுக்கு மருந்துக்கடையில் பார்த்தபோது 168/96 இருந்தது. பழைய அளவிலேயே மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டேன். நிறுத்திய பி.பி. மாத்திரை பக்கவாதத்தில் கொண்டுவிட்ட வீடுகள் எனக்குத் தெரியும். அதற்குக் கொரோனா வர வேண்டியதில்லை.

மாத்திரை வாங்க இப்போது நிறைய வழி இருக்கிறது. மற்றக் கடைகளைப் போல மதியம் ஒரு மணிக்கு மூட வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்த ஊரடங்கில் மருந்துக்கடைகளுக்குக் கிடையாது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் மாத்திரை வாங்குகிறவர்கள் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். மார்ச் 25-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவத்துக்கென்று விதிமுறை வெளியிட்டிருக்கிறது. பதிவுபெற்ற மருத்துவர் போனிலோ வீடியோவிலோ விசாரித்து, சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம், கடைக்காரர் அதைப் பார்த்து மருந்து கொடுக்கலாம். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 104-க்குக் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

கூட்டமில்லாத ஆஸ்பத்திரி பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். என் கிளினிக்கில் இப்போது உள்ளே நாற்காலி கிடையாது. வெளியே வேப்பமரத்தடியில் ஆறடிக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறோம். நான் வாசலில் நின்று கேட்க, அவர்கள் அங்கிருந்தே சத்தமாகச் சொல்ல வேண்டும். மலச்சிக்கலைத் தெருவே கேட்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் புரிகிறது. ஒரு பாட்டி "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் போனபின் மெல்ல வந்து சொன்னார். இப்படி வருகிறவர்களும் முன்பு வந்ததில் கால்வாசிதான். மீதிப் பேருக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்ன? போன வாரம் ஒரு கடைக்காரர் வந்தார், வயது 55. திங்கட்கிழமை ராத்திரி நெஞ்சை அடைத்து, இடது தோள்வரை இழுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பிடித்து வார்டில் போட்டுவிடுவார்கள் என்று வீட்டிலேயே சோடா குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னிடம் வந்தது வியாழக்கிழமை காலை. ஈ.சி.ஜி. எடுத்தபோது இதயத்தில் ஒரு பகுதி போய்விட்டிருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன், 12 மணி நேரம் போய்விட்டால் பெரிதாகப் பயனில்லை. உயிரோடு இருக்கிறார். ஆனால் இனி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கர்ப்பிணிக்கு உதிரப்போக்கு, குழந்தைக்கு வலிப்பு. இவற்றுக்கெல்லாம் ஊரடங்கு கிடையாது. 108 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. காய்கறிக்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், கீரையை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், எப்போதும் செய்வதுதான். சோப்பு வேண்டவே வேண்டாம். காயின் தோலிலும் கீரையின் மடிப்பிலும் தங்கிவிட்ட சோப்பு வயிற்றுக்குள் போனால் குமட்டும், வயிற்றோட்டமும் வரலாம். மஞ்சளும் உப்பும் வினிகரும் போட்டால் கெடுதலில்லை, கூடுதலாகப் பலனும் இல்லை. நாம் கீரையைப் பச்சையாகவா தின்கிறோம்? அடுப்புச் சூட்டில் இந்தக் கிருமி நிற்காது. பாலும் அப்படித்தான், பாக்கெட்டைக் கழுவிவிட்டுப் பொங்கக் காய்ச்சினால் முடிந்தது. நாளைக்கே முருங்கைக்கீரை வாங்குங்கள்.

சோப்பு வேலை செய்ய வேண்டிய இடம் உங்கள் கை. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எப்படிக் கரைக்கிறதோ அப்படி இதையும் கரைக்கும், கிருமி சிதைந்துவிடும். அதற்கு 20 வினாடி தேய்க்க வேண்டும், விரலிடுக்கும் கட்டைவிரலும் சேர்த்து. வீட்டுக்குள் சானிடைசர் தேவையில்லை. அதைப் பூசிய ஈரக் கையோடு அடுப்பைப் பற்றவைத்தால் தீப்பிடிக்கும், அது சாராயம். கை வெடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள்.

ஆய்வகத்தில் பார்த்தபோது இந்தக் கிருமி அட்டையில் 24 மணி நேரம்வரை, பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம்வரை இருந்தது என்று மார்ச் மாதம் ஒரு கட்டுரை வந்தது. அதிலிருந்துதான் இந்தக் கழுவலெல்லாம் தொடங்கியது. அவர்கள் ஆய்வகத்தில் நிறையக் கிருமியை வைத்து, கடைசித் துளி எப்போது மறைகிறது என்று அளந்தார்கள். மணிக்கு மணி அது குறைந்துகொண்டே வரும். எதிரே நின்று இருமுகிறவரின் எச்சில் துளிதான் பெரிய வழி. கடையில் வாங்கிய கத்திரிக்காய்க்குப் பயப்படுவதைவிட, அந்தக் கடையில் முண்டியடித்த கூட்டத்துக்குப் பயப்படுங்கள். துணி முகக்கவசம் போட்டுக்கொண்டு, நாலைந்து நாளைக்கு ஒருமுறை, கூட்டம் குறைந்த நேரம் பார்த்து நீங்கள் ஒருவர் மட்டும் போய்வாருங்கள். ரூபாய் நோட்டை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுக் கையைக் கழுவுங்கள். இஸ்திரிப் பெட்டி துணிக்கு.

அப்பாவை எப்படித் தடுப்பது என்று கேட்டீர்கள். பேப்பரை மறுபடி போடச் சொல்லுங்கள், முதல் வேலை அது. பேப்பரைத் தொட்டபின் கையைக் கழுவினால் போதும். காலையில் டீக்கடை பெஞ்சில் பேப்பரை வரி விடாமல் படித்து நாலு பேரோடு தர்க்கம் பண்ணிய மனிதரிடமிருந்து டீக்கடையை அரசு எடுத்துக்கொண்டது, பேப்பரை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பிறகு அவர் சட்டையை மாட்டாமல் என்ன செய்வார்? ஏப்ரல் 14, வருடப்பிறப்பன்று காலை பத்து மணிக்குப் பிரதமர் மே 3 வரை நீட்டித்தபோது, அவர் எழுந்துபோய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று உங்கள் அம்மா சொன்னார்.

அவர் நடத்துநராக இருந்தவர் என்பதை மறக்காதீர்கள். வீட்டுப் பணத்தையும் கணக்கையும் அவர் கையில் கொடுங்கள். மளிகைக் கடைக்குப் போன் போட்டு விலை கேட்பது, பட்டியல் சொல்வது, எது தீர்ந்தது என்று குறித்துவைப்பது எல்லாம் அவர் பொறுப்பாகட்டும். தெருவில் காய்கறித் தள்ளுவண்டியோ மாநகராட்சி வண்டியோ வந்தால், கேட்டுக்கு உட்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஆறடி தள்ளி நிற்பவரிடம் பேரம் பேசட்டும். 33 வருஷம் சில்லறை இல்லை என்று ஊரோடு சண்டை போட்டவருக்குத் தக்காளி விலை எம்மாத்திரம். 'வெளியே போகாதீங்க' என்று நாளைக்குப் பத்து முறை சொல்வதை விட்டுவிடுங்கள். மாத்திரை விஷயத்தில் அவர் உங்களுக்காகப் பயந்தது எனக்குத் தெரிந்த பிறகு, அவர் சொல்பேச்சுக் கேட்காதவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கபசுரக் குடிநீரில் 15 சரக்கு சேர்கிறது, சுக்கும் திப்பிலியும் இலவங்கமும் அதில் உண்டு. கொரோனாவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சோதனைச் சான்று இல்லை. பெரியவர்கள் அளவாகக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நெஞ்செரிச்சல் உள்ள உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். அதைக் குடிப்பதால் மாத்திரையை விடலாம் என்று மட்டும் அப்பா நினைத்துவிடக் கூடாது. ஆவி பிடிப்பதால் இந்தக் கிருமி சாகாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு வேண்டாம். மகனின் தேர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேதி வரட்டும். தினமும் இரண்டு மணி நேரம் புத்தகத்தைத் தொட்டால் இப்போதைக்குப் போதும், ராத்திரி போனை வாங்கிவைத்துவிடுங்கள்.

சர்க்கரையை ஒரு வாரத்துக்கு வெறும் வயிற்றில் தினமும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்து எழுதிவையுங்கள். எழுதுவது மகள் வேலை. 300-க்கு மேல் நின்றால் உடனே கூப்பிடுங்கள். விட்டுவிட்டுப் போட்ட மாத்திரையை இப்போது முழுசாகப் போடுகிறார், அதனால் வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுப் பிரிக்கும்போது காலைக் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். புண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அதனால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். நாணயத்தைக் கழுவச் சொல்ல வேண்டியதில்லை, எப்படியும் கழுவித்தான் வைத்திருப்பீர்கள்.